பேங்க் 'முடியாது' என்றால்... காலண்டரை எடுங்க ஸார்!

வீட்டுக் கடன் கொடுக்கிறபோது பேங்க்கில் உட்காரவைத்துக் காபி வாங்கித் தருவார்கள். மூன்று தவணை தவறட்டும்... அதே பேங்க்கில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்! நாலு பக்கத்துக்குக் கஷ்டத்தைக் கொட்டி, 'ஆறு மாசத்துக்குப் பாதித் தவணை கட்டுகிறேன்' என்று மனு கொடுத்தால், 'தங்கள் கோரிக்கையை ஏற்பதற்கில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வரும்.

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ஃபிளாட் வாங்கிய என் நண்பருக்கு வந்ததும் அந்த ஒற்றை வரிதான். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். "என்ன ஸார், பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதானா?" என்றார். அவரை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி, கன்டோன்மென்ட்டில் எனக்குத் தெரிந்த வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

"பேங்க் முடியாதுன்னு சொன்னதோட வீடு போயிடாது தம்பி. ஆனா இனிமே ஒவ்வொரு தேதியும் முக்கியம். காலண்டரை எடுங்க" என்றார் வக்கீல். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். தவணை கட்டுகிற எல்லோருக்கும் உதவும்.

முதல் அறுபது நாள்

தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது 'வாராக் கடன்'. அதன்பின் சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் வரும். 2002-ல் வந்த இந்தச் சட்டம், கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமான வீட்டை எடுத்து விற்கும் அதிகாரத்தைப் பேங்க்குக்குத் தருகிறது. நோட்டீஸில் 60 நாள் கெடு இருக்கும்.

நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். பெருமாள் பார்த்துக்கொள்வார்தான்... ஆனால் பதில் நாம்தான் போட வேண்டும்! எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தால், ஏற்க முடியாவிட்டால் ஏன் என்று 15 நாளுக்குள் காரணத்தோடு பேங்க் பதில் தந்தாக வேண்டும். இந்த உரிமைக்கு வழி போட்டது, 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பு.

ஆகவே முதல் மனு தள்ளுபடியானால் இரண்டாவதாக ஒன்று போடலாம். இந்தத் தடவை கண்ணீரைக் குறைத்துக் கணக்கைக் கூட்டுங்கள். புது வேலைக்கான ஆர்டர், மாசம் எவ்வளவு முடியும், நகை விற்று முன்பணமாக எவ்வளவு என்று தாளில் காட்டுங்கள்.

அசல், வட்டியில் பாக்கி 20 சதவிகிதத்துக்கும் குறைவா? அப்படியானால் இந்தச் சட்டத்தைப் பேங்க் உங்கள் மேல் பாய்ச்ச முடியாது. பல வருஷம் ஒழுங்காகக் கட்டியவர்கள் இதை முதலில் பாருங்கள்.

நாமே விற்றால்?

கேட்கவே கசப்பாக இருக்கும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு 40 லட்சம், கடன் பாக்கி 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாமே விற்றால் கையில் 22 லட்சம் நிற்கும். ஏலத்தில் 30 லட்சத்துக்குப் போனால் மிச்சம் 12. அதிலும் ஏறிய வட்டி, விளம்பரச் செலவு எல்லாம் கழியும்.

ஒரு நிபந்தனை: நோட்டீஸ் வந்த பிறகு பேங்க்கின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது. நண்பர் அந்தச் சம்மதத்தை வாங்கித்தான் விற்றார். இப்போது திருவானைக்காவலில் வாடகை வீடு. மிச்சப் பணம் டெபாசிட்டில் இருக்கிறது. "சொந்த வீடு போச்சு ஸார், ஆனா ராத்திரி தூக்கம் வருது" என்கிறார்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, அடிமனைப் பிரச்னை. வீடு நம்முடையது, மனை கோயிலுடையது என்ற தகராறு உள்ள இடத்தில் அவசரத்துக்கு விற்பது சுலபமில்லை. பத்திரத்தை முன்கூட்டியே வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கதவில் ஒட்டிவிட்டால்

கெடு முடிந்ததும் 'சுவாதீனம் எடுத்தோம்' என்று கதவில் ஒட்டுவார்கள், பேப்பரிலும் போடுவார்கள். அன்றே சாமானைத் தெருவில் வைப்பதில்லை. ஆளை வெளியேற்ற, கலெக்டர் அல்லது தலைமை நீதித்துறை நடுவர் உத்தரவு வாங்கி வருவார்கள்.

இந்த இடத்தில் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். திருச்சிக்காரர்களுக்கு அது மதுரையில். முதலில் பாக்கியில் 75 சதவிகிதம் கட்டினால்தான் மனுவே போடலாம் என்று சட்டம் இருந்தது. அவ்வளவு கையில் இருந்தால் அவன் ஏன் மதுரைக்குப் பஸ் ஏறுகிறான்? அதே 2004 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது.

ஆனால், அங்கே போய்க் கஷ்டத்தைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. நோட்டீஸ் முறையாக வந்ததா, கணக்கு சரியா, மதிப்பீடு ஒழுங்கா... இப்படிப் பேங்க் செய்த தப்பு இருந்தால்தான் வழக்கு நிற்கும். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. பெண்களுக்கு இதில் வருமான வரம்பே கிடையாது. ஃபிளாட் மனைவி பெயரில் இருந்தால் வீட்டுக்காரியை முன்னே விடுங்கள்!

விளம்பரத்துக்கு முந்தின நாள்

மொத்தப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கக் கடைசி நாள் எது? ஏல நாள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2016-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே பணம் கட்டியாக வேண்டும். 2023-ல் பஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மச்சான் பணம் அனுப்புவதாக இருந்தால் அதற்குள் அனுப்பச் சொல்லுங்கள்.

'ஒன் டைம் செட்டில்மென்ட்' கேட்கலாம், லோக் அதாலத்திலும் பேசலாம். ஆனால் கொடுத்தே தீர வேண்டும் என்று பேங்க்கைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021-ல் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொன்னது.

மஞ்சக் கடுதாசி

"பேசாம மஞ்சக் கடுதாசி கொடுத்துடேன்!" - டீக்கடைக்கு ஒருவர் இந்த யோசனை சொல்வார். 1920-ம் வருஷத்து திவால் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கைமாற்று, கிரெடிட் கார்டு மாதிரி அடமானமில்லாத கடன்களுக்கு அது உதவும். அதிலும் 'இவ்வளவு தருகிறேன்' என்ற திட்டம் செல்ல, கூட்டத்துக்கு வரும் கடன்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், அதுவும் கடன் மதிப்பில் முக்கால் பங்குக்குரியவர்கள், தலையாட்ட வேண்டும். வீட்டை அடமானம் பிடித்த பேங்க்கை மஞ்சக் கடுதாசி தடுக்காது.

வசூல் ஆள் கண்ட நேரத்தில் போன் செய்கிறாரா? காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பேங்க்குக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், காசு கிடையாது.

கடைசியாக ஒன்று. நோட்டீஸ் வந்த கவரைக் கிழித்துப் போடாதீர்கள். கைக்கு வந்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்!