கரையைக் காப்பது யார்?

கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியை ஒரு முறை சுற்றி வந்து, படகிலும் ஏறி இறங்கிவிட்டால், பழனி மலையை முழுதும் பார்த்தாயிற்று என்ற திருப்தியுடன் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஏரி இயற்கை தந்ததன்று. 1863-ம் வருஷத்தில் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கரை போட்டதனால் உண்டானது. ஏரியை ரசிப்பவர் அநேகர். கரையை நினைப்பவர் சிலரே.

நகரத்திலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களைக் கடந்து சென்றால், கேரள எல்லையை நெருங்கும் இடத்தில் கிளாவரை என்னும் சிற்றூர் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் மலைச் சரிவு. 2024 செப்டம்பரில் இவ்வூரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. ஊருக்கு வரும் தண்ணீர் நின்றுபோகவே, காரணம் அறியக் குடியானவர்கள் காட்டுக்குள் சென்றார்கள். அங்கே பூமி நீளமாகப் பிளந்து கிடந்தது. அதன் பிறகே அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். அணை எதுவும் உடையவில்லை. ஆயினும் நீர்த்தேக்கங்களின் பாதுகாப்பைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தண்ணீருக்கு நேர்ந்த மாறுதலை முதலில் கண்டவர்கள், அந்தத் தண்ணீரை நம்பி வாழ்ந்தவர்களே.

பழனி மலையின் கிழக்குச் சரிவுகளிலிருந்து நீரைப் பெற்று வேடசந்தூர்ப் பக்கம் போகும் ஆறு குடகனாறு. 1977-ம் வருஷத்துப் பெருவெள்ளத்தில், அழகாபுரியில் அதன் குறுக்கே இருந்த மண் அணை உடைந்தது. வெள்ளம் வந்த சமயத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. கதவுகளை முழுதும் தூக்க முடியவில்லை. ஊழியர்கள் கையால் தூக்க முயன்றும் பயனில்லாமல் நீர் கரையின் மேல் புரண்டோடியது. மண் கரையின் மேல் நீர் புரண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும் பொருட்செலவில் கட்டிய அணையின் கதி, அவசரத்துக்கு ஒரு கதவு திறக்குமா என்ற சிறு விஷயத்தில் தொங்குவதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இப்பொழுது இந்தியாவில் இதற்கென ஒரு சட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 30 முதல் அமுலுக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், மத்தியிலும் மாகாணங்களிலும் கமிட்டிகளையும் ஸ்தாபனங்களையும் ஏற்படுத்தியிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணைகளைப் பரிசோதிக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் செய்யவேண்டியவற்றுக்குத் திட்டம் வகுக்க வேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் உயரமுள்ளவற்றில் நீளத்தாலோ கொள்ளளவாலோ வேறு சில தன்மைகளாலோ குறிப்பிடப்பட்டவற்றுக்குமே பொருந்தும்.

மற்றவை? தமிழ் நாட்டில் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரி குளங்கள் பெரும்பாலும் பஞ்சாயத்து யூனியன்களின் வசத்தில் இருக்கின்றன. மலை ஓடைகளை மறிக்கும் தடுப்பணைகளும் சிறியவையே. சிறியது உடைந்தால் சேதமும் சிறியது என்று எண்ணலாகாது. நம் ஏரிகள் ஒன்றின் உபரி நீர் மற்றொன்றுக்குப் போகும்படி சங்கிலியாக அமைந்தவை. மேலே ஒன்று உடைந்தால், அந்த வெள்ளத்தைத் தாங்கும் பாரம் கீழேயுள்ள கரையின் தலையில் விழும்.

இப்படித்தான் 1925 நவம்பரில் வேல்ஸ் தேசத்தில் நடந்தது. மலை மேல் ஓர் அணை உடைந்து, அந்த வெள்ளம் கீழிருந்த அணையையும் உடைத்து, டோல்காரோக் கிராமத்தில் 16 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1930-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. தேக்கங்களை நிபுணர் பரிசோதிக்க வேண்டுமென்று அது விதித்தது. ஆனால் பரிசோதனை நடந்ததா என்று கேட்கும் கடமையை யாருக்கும் கொடுக்கவில்லை! வாத்தியார் இல்லாத வகுப்பில் வீட்டுப் பாடம் கொடுத்த கதைதான். இந்தக் குறை 1975-ம் வருஷச் சட்டத்தில் நீங்கியது. 25,000 கன மீட்டருக்கு மேல் நீர் நிற்கும் தேக்கங்களையெல்லாம் ஸ்தல ஸ்தாபனங்கள் பதிவு செய்ய வேண்டும். சொந்தக்காரர் பரிசோதனையை நடத்துகிறாரா என்று பார்க்க வேண்டும். இச்சட்டமும் ஒரே நாளில் அமுலாகவில்லை. 1980-களில் படிப்படியாகவே நடைமுறைக்கு வந்தது. பின்னர், 2004-ல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தப் பொறுப்பு தனி ஸ்தாபனத்துக்கு மாற்றப்பட்டது. நாலைந்து தேக்கங்களே உள்ள ஒரு ஸ்தல ஸ்தாபனம் அதற்கென்று நிபுணர்களை வைத்துக்கொள்வது எளிதா?

ஊரார் கையில் கரையை ஒப்புவிப்பது நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. அவை 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவை. பிற்காலத்தில், 1858-ம் வருஷத்துச் சென்னைச் சட்டம், கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அதிகாரம் கொடுத்தது. முன்னது ஊரார் பொறுப்பு. பின்னது ஊரார்மேல் விதித்த கட்டாயம். சுதந்தர இந்தியா முன்னதன் வழியையே பின்பற்ற வேண்டும். 1992-ல் நிறைவேறிய 73-வது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துக்களிடம் ஒப்புவிக்கக்கூடிய விஷயங்களில் சிறு பாசனத்தையும் சேர்த்திருக்கிறது. அடிப்படை இருக்கிறது, அதன் மேல் கட்டடந்தான் எழவேண்டும்.

அதையும் படிப்படியாகவே எழுப்பலாம். முதலில் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லையிலுள்ள தேக்கங்களுக்கெல்லாம் ஒரு ஜாபிதா தயாரிக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே இதற்கு உதவலாம். அடுத்தபடியாக, உயரத்தை மட்டும் பாராமல், கரைக்குக் கீழே வீடு இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். மூன்றாவதாக, வடகிழக்குப் பருவ மழைக்கு முன் ஊரார் கரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கரையில் வெடிப்பு, எலி வளை, நண்டு வளை, வேரோடிய மரம், தூர்ந்த கலிங்கு, திறக்க மறுக்கும் மதகு ஆகியவற்றைக் காண இஞ்சினீயர் பட்டம் தேவையில்லை. கசிவு நீர் தெளிவாக வந்தால் கவனமாய்ப் பார்த்துவர வேண்டும். கலங்கி வந்தால் கரையின் உள்ளிருக்கும் மண் கரைந்து வருகிறதென்று பொருள். அன்றைக்கே தகவல் போகவேண்டும்.

தகவல் போனபின் வருவது சர்க்காரின் கடமை. இத்தனை நாளைக்குள் இஞ்சினீயர் வந்து பார்க்க வேண்டும், இத்தனை நாளைக்குள் பழுது நீங்க வேண்டும் என்று சட்டம் வரையறுக்க வேண்டும். பழுது பார்க்கப் பணமும் கூடவே வரவேண்டும். பொறுப்பைப் பஞ்சாயத்துக்கும் பணத்தைத் தலைநகருக்கும் பங்கிட்டுக் கொடுத்தால், மழை அந்தப் பங்கீட்டை ஒப்புக்கொள்ளாது.

இந்த ஏற்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம் ஊர்க் கரையைக் கடைசியாகப் பார்த்தது யார், எப்பொழுது?" என்று கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால், அதையே தீர்மானமாக எழுதி அனுப்பலாம். கேள்வி கேட்க ஆளிருக்கும் ஊரில் கரையைக் கவனிக்கவும் ஆள் வருவார்கள்.