போர்ச் சித்திரக்கதை அட்டைகள்: ஏக்கத்தின் சமூக அடிப்படை

இரண்டாம் உலகப் போரைப் பொருளாகக் கொண்ட ஆங்கிலச் சித்திரக்கதை நூல்களின் அட்டைகளை முதியோர் சிலர் கனிவோடு நினைவுகூர்வதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் கண்டுள்ளோம். இதனை வெறும் இளமைக்கால மயக்கமென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

பிரித்தானியாவில் 1958இல் 'வார் பிக்சர் லைப்ரரி'யும் 1961இல் 'கொமாண்டோ'வும் தோன்றின. உள்ளே கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். வண்ணம் அட்டைக்கு மட்டுமே. சரக்கை விற்கும் பொறுப்பு அட்டையினுடையது. ஆதலால் கென் பார் முதலிய ஓவியர் பெரும்பாலும் தீட்டியது சாவையன்று, அதற்கு முந்திய கணத்தை: இறுகிய முகம், சரிந்துவரும் விமானம். (அவர்தம் கைத்திறனை நாம் மறுக்கவில்லை. கதைகளை மறந்தோரும் அட்டைகளை மறந்திலர்.)

1942 ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. அயலிலிருந்த கொட்டாஞ்சேனை மக்களுக்கு அப்போர் ஓவியமாக இருக்கவில்லை. ஆயினும் ஆங்கிலங்கற்ற அடுத்த தலைமுறை அதனைப் பேரரசின் படைவீரனது கண்கொண்டே காணப் பழகியது; துறைமுகத் தொழிலாளிக்கு அவ்வீரர் வரிசையில் இடமிருக்கவில்லை. போர் பிறருடையதாகத் தோன்றிய அந்தத் தொலைவே அட்டையின் கவர்ச்சிக்கு அடிப்படையாகும்.

1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பின்னர் 2009வரை நீடித்தது எமது போர். அட்டைகளைப் பற்றிப் பேசுவோர் அவற்றைக் 'கலவரத்துக்கு முந்தியவை' என்றே இன்றும் காலங்குறிக்கின்றனர்.