பழைய காரில் தீ எங்கே தொடங்குகிறது, முறைப்பாட்டை எங்கே கொடுப்பது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் இன்னும் பலருக்கு எட்டாத விலையில் இருக்கிறது. ஆகவே மாத்தளையிலும் உக்குவளையிலும் இறத்தோட்டையிலும் அப்பா காலத்து மொறிஸ் மைனரையும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் விற்க மனமில்லாதவர்கள் அவற்றைத் திருத்தி ஓட்டுகிறார்கள். என்ஜின் இறக்குகிறார்கள், தகர வேலை செய்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். வயரிங்கை மட்டும் "ஓடுதுதானே, விடுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். பழைய காரில் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான்.

மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. தொடக்க கால வண்டிகளில் செப்புக் கம்பியின் மேல் ரப்பர், அதற்கு மேல் நூல் பின்னல். பல பத்தாண்டு என்ஜின் சூட்டில் அந்த ரப்பர் காய்ந்து விடுகிறது. விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிரும். என்ஜின் பக்கத்திலிருந்து டாஷ்போர்டுக்கு வயர் நுழையும் துளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்து போனால் வயர் தகர விளிம்பில் உரசத் தொடங்கும். மார்கழி மழையின் ஈரமும் கொட்டிலில் வாழும் எலியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் காரின் பியூஸ் பெட்டியைத் திறந்தால் வேலை செய்யும் பியூஸ் இரண்டே இரண்டுதான். ஹெட்லைட்டுக்கு பியூஸ் இல்லை. இக்னிஷனுக்கும் இல்லை. பற்றரியிலிருந்து வரும் பிரதான வயர் பழுப்பு நிறம். அது எங்காவது காரின் உடலில் பட்டால் தடுக்க எதுவும் கிடையாது. பற்றரியில் உள்ள மின்சாரம் முழுவதும் அந்த வயருக்குள் பாயும், சில நொடிகளில் உறை எரியும்.

பியூஸ் உள்ள இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய லூகாஸ் பியூஸில் 35 என்று அச்சிட்டிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, ஏறத்தாழ 17 அம்பியர். இன்று கடையில் கிடைக்கும் பல கண்ணாடி பியூஸ்களில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. இலக்கத்தை மட்டும் பார்த்து 35 வாங்கிப் போட்டால் பியூஸ் நிற்கும், வயர் உருகும். இதைவிட மோசமானது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி அப்போதைக்குச் சமாளிப்பது. அதைச் செய்து தரும் கராஜிலிருந்து வண்டியை எடுக்காதீர்கள். பியூஸ் எரிந்தால் எங்கோ வயர் பிழைத்திருக்கிறது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த பியூஸ்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. எரிந்த பியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட் பல்பு ஒன்றைத் தொடுத்து, அந்த பியூஸில் ஓடும் சாமான்களின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பிழையான வயர் கழன்றதும், பிரகாசமாக எரிந்துகொண்டிருந்த பல்பு மங்கும் அல்லது அணையும். லைட் மங்கலாக எரிந்தால் முதலில் ஏர்த்தைச் சந்தேகியுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் மறுமுனையை லைட்டின் ஏர்த் வயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் துருவோ தளர்ந்த நட்டோ இருக்கிறது. டைனமோவையும் பற்றரியையும் மாற்றிக் காசு செலவழித்த பிறகு, ஒரு நட்டைச் சுரண்டி இறுக்கியதில் சரியான வண்டிகள் ஏராளம்.

பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் ஏர்த் ஆவது பற்றரியின் பொசிற்றிவ் முனை. இது தெரியாமல் பற்றரியை மாற்றிப் பூட்டினால், பின்னாளில் பொருத்திய ரேடியோவும் ஓல்டனேற்றரும் அந்த நொடியே போய்விடும். பற்றரி கழற்றும்போது எந்தக் குறியாக இருந்தாலும் உடலில் பூட்டிய வயரையே முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். வெல்டிங் வேலைக்கு விடும்போதும் அதைக் கழற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, றிவர்ஸ்டன் பக்கப் பனிமூட்டத்துக்காக 100 வொற் ஹலஜன் பல்பு போடுகிறவர்கள் உண்டு. இரண்டு பல்பும் சேர்ந்து 16 அம்பியருக்கு மேல் இழுக்கும். அது முழுவதும் பழைய சுவிச்சின் ஊடாகவே போகும். ரிலேயும் தனி பியூஸும் இல்லாமல் அந்த வேலை வேண்டாம்.

இனி உங்கள் உரிமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி, வியாபாரமாகச் செய்யப்படும் எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். அதற்குப் போடும் பொருளும் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். கராஜில் எழுதிக் கொடுத்தார்களா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை, அந்த உத்தரவாதத்தைச் சட்டமே தருகிறது. "பழைய வண்டிதானே, இப்படித்தான் இருக்கும்" என்பது பதிலாகாது. 1990களில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பிய நாடு இது. இந்தக் கார்களைத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆனால் சட்டம் கைகொடுக்க உங்களிடம் கடதாசி இருக்க வேண்டும். வாகன இலக்கம், திகதி, செய்த வேலை, மாற்றிய சாமான், விலை எல்லாம் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேளுங்கள். வேலை பிழைத்தால் முதலில் கராஜுக்கு எழுத்தில் அறிவியுங்கள். தீராவிட்டால் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும், பலர் தோற்பது இந்தத் தவணையில்தான். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பேசித் தீர்க்கக்கூடிய தகராறு என்றால் ஊர் மத்தியஸ்த சபையும் உண்டு. மத்திய மாகாணத்தில் நிருவாக மொழி சிங்களம் என்றாலும், அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள்.

ஓடும்போது ரப்பர் கருகும் மணம் வந்தால் ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். பொனட்டை முழுதாகத் திறந்தால் காற்று புகுந்து தீ எழும்பும். உலர் தூள் தீயணைப்பான் ஒன்று முன் சீற்றுக்குக் கீழே இருக்கட்டும். தீயணைப்புக்கு 110, நோயாளர் காவு வண்டிக்கு 1990.

கட்டாயமான மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டி எரிந்தால் ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதி தீயை ஈடு செய்யும், ஆனால் அறிவிக்காமல் செய்த மாற்றங்களைக் காட்டிக் கம்பனி மறுக்க இடமுண்டு. மறுத்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடமும் போகலாம். வருமான அனுமதிப்பத்திரத்தோடு மடித்து வைத்திருக்கும் அந்தக் காப்புறுதிக் கடதாசியை இன்றைக்கே எடுத்து, உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்.