பழைய மோட்டார் சைக்கிளைப் பாதுகாப்பாகப் புதுப்பித்தல்

பொழுது புலருமுன் பால்மரம் சீவப் புறப்படும் தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. அது ஒரு தொழிற்கருவி. 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா சூப்பர் கப் வகை, 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. இவ்வகை வண்டிகளை நம் நாட்டு மக்கள் 'கப்சாய்' என்று அழைக்கின்றனர். 72 சி.சி. கொண்ட பழைய சி70 வண்டி இன்றும் பல வீடுகளில் உழைத்து வருகிறது.

ஜொகூர் மாநிலத்து மாசாய், ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். 1977ஆம் ஆண்டில் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பின், இவ்வட்டாரச் சாலைகளில் கனரக லாரிகள் பெருகின. செம்மண் பாதையில் ஓடிய வண்டி இன்று லாரிகளுக்கிடையே ஓட வேண்டியுள்ளது. ஆகவே, பழைய வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது வேகத்தையன்று, பிரேக்கையும் விளக்கையுமே.

பிரேக்

பழைய கப்சாய்களில் இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உள்ளது. சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் கட்டையைப் பார்க்க வேண்டும். அதன் உராய்வுப் பட்டை 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் இரு கட்டைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுதல் கூடாது. பழைய கட்டைகளில் நுரையீரலுக்குக் கேடு விளைக்கும் கல்நார் கலந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து அப்புறப்படுத்துவதே முறை. பட்டையில் எண்ணெயோ கிரீஸோ படலாகாது.

விளக்கு

பழைய 6 வோல்ட் வண்டிகளில் இயந்திரம் மெதுவாக ஓடும்போது முன்விளக்கு மங்கும். இதற்காக உடனே பணம் செலவிட வேண்டியதில்லை. விளக்குக் கூட்டின் துருவைச் சுரண்டி, சட்டத்துடன் இணையும் கம்பியின் முனையைத் தூய்மை செய்தாலே வெளிச்சம் கூடுவதுண்டு. அதன் பின்னும் போதவில்லையெனில் 12 வோல்ட்டுக்கு மாற்றலாம். அப்போது மின்னாக்கிச் சுருள், பறவைச் சக்கரம், மின்னழுத்தச் சீராக்கி, மின்கலம், பல்புகள், ஹார்ன் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றொன்று எரிந்துபோகும். இவ்வேலையைத் தேர்ந்த பட்டறைக்காரரிடம் விடுவதே நன்று. மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி 1992ஆம் ஆண்டிலிருந்து நடப்பிலிருப்பதையும் நினைவில் கொள்க.

இயந்திரம்

சி70 வண்டிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர் எண்ணெய் போதும். வண்டியைச் சற்றே ஓட்டிச் சூடாக்கி, நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, அடியிலுள்ள 17 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடிக்க வேண்டும். மீண்டும் பூட்டும்போது அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய உடலின் மரை அழிந்துவிடும். அளவுக்கோலால் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கையில் அதைத் திருகாமல், துளையில் வைத்து எடுத்தே பார்க்க வேண்டும்.

கழிவெண்ணெயைக் கால்வாயில் ஊற்றலாகாது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவினால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டதை மாசாய் மக்கள் அறிவர். ஒரு வண்டியின் எண்ணெய் அத்துணைக் கேடு விளைக்காது. ஆயினும் வீட்டருகே ஓடும் நீரைக் கெடுக்க அது போதும். மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவெண்ணெய் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைத்தல் வேண்டும்.

பெரிய சிலிண்டர் தேவையா?

பெரிய சிலிண்டர் பொருத்தி வேகத்தைக் கூட்டும் ஆசை இளைஞர்களிடையே காணப்படுகிறது. வேகம் கூடும், ஆனால் டிரம் பிரேக்கும் மெல்லிய டயரும் பழையனவாகவே இருக்கும். 72 சி.சி.க்கென அமைந்த பிரேக், அதனினும் விரைந்தோடும் வண்டியை உரிய தொலைவுக்குள் நிறுத்த இயலாது. மேலும், சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலின்றி இயந்திரக் கொள்ளளவை மாற்றுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமாகும். விபத்து நேரின் காப்புறுதி இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் எழலாம். சிலிண்டருக்குச் செலவிடும் பணத்தில் புதிய டயர்களும் பிரேக் கட்டைகளும் தரமான தலைக்கவசமும் வாங்குவதே அறிவுடைமை.

மாதம் ஒரு முறை, ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிரேக், விளக்கு, டயர், சங்கிலி, எண்ணெய் ஆகிய ஐந்தையும் பார்த்துவிடுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் காட்டுங்கள். நாளை அவ்வண்டியை ஓட்டப் போகின்றவர்கள் அவர்களே.