பூனையின் குணம் திடீர்னு மாறிடுச்சா?

“நேத்து வரைக்கும் மடியிலேயே கிடந்துச்சு, இன்னைக்குத் தொட்டாலே சீறுது!” ராஜபாளையம் என்றதும் நாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பூனை வளர்க்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: பூனை வலியை மறைக்கும். அதனால் திடீர் மாற்றத்தை ‘சேட்டை’ என்று விட்டுவிடாதீங்க. வீடு மாறினாலோ, புதுப் பூனை வந்தாலோகூட குணம் மாறலாம். ஆனால் முதலில் நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

உடனே கவனிக்க வேண்டியவை

• சிறுநீர் அடைப்பு: ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஆனால் சிறுநீர் வரவில்லையா? மலச்சிக்கல் என்று காத்திருக்காதீங்க. ஓரிரு நாளில் உயிரே போகலாம்.

• நூல் விழுங்குதல்: ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி போன்ற தறி ஊர்களில் நூலுக்குப் பஞ்சமில்லை. விளையாட்டாக விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும். பூனை வாந்தி எடுக்கும், சாப்பிடாது, ஒளிந்துகொள்ளும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே கூடாது.

• வெறிநோய்: இது நாய்க்கு மட்டும் வருவதல்ல. சாதுவான பூனை காரணமின்றிப் பாய்ந்து கடித்தால், எச்சில் ஒழுகினால், தள்ளாடினால் கையால் பிடிக்காதீங்க. அறைக்கதவைச் சாத்திவிட்டு கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

கடித்தாலோ கீறினாலோ

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது மிக அரிது. அதனால் மருத்துவர் சொல்லும் எல்லாத் தவணைகளையும் போட்டு முடியுங்கள்.

வீட்டு வைத்தியம் வேண்டாம்

நமக்குத் தரும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடலாம்.

யாரை அணுகுவது?

அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவசரத்துக்கு கால்நடை மருத்துவ ஊர்தி சேவை எண் 1962-ஐ அழைக்கலாம். போகுமுன் பூனை நடப்பதையும் முக்குவதையும் கைபேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். மருத்துவமனையில் பயந்து சுருண்டுவிடும் பூனை காட்டாததை அந்த வீடியோ மருத்துவருக்குக் காட்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.