பள்ளிக்கூடத்தின் ஆண்டு மகசூல்

சித்திரை பிறந்து பலாப் பிஞ்சுகள் திரளும் நாட்களில் கொல்லிமலையின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் தம் ஆண்டு வேலையை முடித்துக்கொள்கின்றன. அதற்குச் சில வாரங்கள் முன்னதாக ஆண்டு விழா நடைபெறுவது வழக்கம். தலைமை ஆசிரியர் அறிக்கை வாசிப்பார். சென்ற ஆண்டின் தேர்ச்சி விகிதம், உதவித்தொகை பெற்றோர், ஓட்டப் பந்தயத்தில் வென்றோர் ஆகிய செய்திகள் அதில் இடம்பெறும். மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோரும் கீழே அமர்ந்திருக்கும் பெற்றோரும் கைதட்டி மகிழ்வார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால், சாமை களத்துக்கு வந்து சேர்ந்தால் அளந்து பார்க்காமல் எந்த உழவரும் வீடு திரும்புவதில்லை. பள்ளிக்கூடத்தின் மகசூலையும் அவ்வாறே அளந்து பார்த்தல் வேண்டும். அதனை அளக்கும் முறையை ஊராட்சி உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தேர்ச்சி விகிதத்தை எடுத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுவதும் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை 8,71,239 பேர் எழுதினர்; 8,17,261 பேர் தேறினர். விகிதம் 93.80. இக்கணக்கில் பிழையில்லை. ஆயினும் இது தேர்வு எழுதியவர்களின் கணக்கு என்பதை மறத்தலாகாது. தேர்வுக் கூடத்துக்கு வராமலே நின்றுவிட்ட பிள்ளை இக்கணக்கில் தேறியவரும் அல்லர், தவறியவரும் அல்லர்.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 40 பேர் சேர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டு கழித்து 28 பேர் தேர்வு எழுதி, 28 பேரும் தேறினால், அறிக்கையில் ‘நூற்றுக்கு நூறு’ என்று பெருமையுடன் வாசிக்கப்படும். வேறொரு பள்ளியில் 40 பேர் சேர்ந்து, 39 பேர் எழுதி, 35 பேர் தேறினால், அது 90-க்குச் சற்றுக் குறைவு. மேடையில் பாராட்டுப் பெறுவது முதற்பள்ளி. ஊருக்கு அதிகம் விளைவித்துத் தந்ததோ இரண்டாவது பள்ளியாகும். நாற்றங்காலில் விட்ட விதை எத்தனை, களத்துக்கு வந்தது எத்தனை என்று பார்க்கும் உழவருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆகவே, ஆண்டறிக்கையைக் கேட்கும் ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் தலைமை ஆசிரியரிடம் மரியாதையுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “ஐயா, இந்த வகுப்பு ஆறாம் வகுப்பாக இருந்தபோது பதிவேட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்?” மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளிக்குச் சென்றவர்களைக் கழித்துவிட்டால், எஞ்சி நிற்கும் எண்ணிக்கை நம் ஊர்ப் பிள்ளைகளுடையது.

அவர்கள் எங்கே போகிறார்கள்? பதினான்கு நாடுகளையும் சுற்றிவரும் நமக்கு விடை தெரியாததல்ல. தை பிறந்ததும் மிளகு பழுக்கத் தொடங்குகிறது. நம் மலையிலும் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்திக் கொத்துக் கொத்தாக மிளகு பறிக்கும் காலம் அது. கேரளத்து மலைகளிலும் குடகிலும் அதே பருவத்தில்தான் ஆட்கள் தேவைப்படுகின்றனர். மானாவாரி நிலத்தில் சாமையும் கேழ்வரகும் எடுத்து முடித்த குடும்பம், கையில் வேறு வேலை இல்லாத அம்மாதங்களில் மூட்டை கட்டிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளிக்கு வந்து பேருந்து ஏறிவிடுகிறது. அதனைக் குறை கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை. கூலி அங்கே இருக்கிறது. ஆனால், மிளகுப் பருவமும் பள்ளியின் இறுதிப் பருவமும் ஒன்றாக வந்து வாய்த்திருப்பது நம் பிள்ளைகளின் தீயூழ். மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள உடன் செல்கிறாள். பதினைந்து வயதுப் பையனை ஏணியேற அழைத்துச் செல்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்கு வீடு சென்ற பிள்ளை விடுதிக்குத் திரும்பாதிருப்பதே இதன் முதல் அறிகுறி. ஆதலால், பொங்கல் கழிந்த இரண்டாம் வாரத்து வருகைப் பதிவேடு, ஏப்ரல் மாதத்து ஆண்டறிக்கையைக் காட்டிலும் உண்மையான செய்தியைத் தரும் என்பது நம் எண்ணம்.

இந்த இடர்ப்பாட்டுக்கென்றே அமைந்தவை போன்றவைதாம் நம் மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். வாழவந்திநாடு, செங்கரை முதலிய இடங்களில் அவை நடைபெறுகின்றன. செங்கரையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியும் உண்டு. பெற்றோர் வெளியூர் செல்லும்போது பிள்ளை விடுதியில் தங்கி உண்டு படிக்கலாம். பகலில் மட்டும் வந்து செல்லும் மாணாக்கரையும் அந்த மூன்று மாதங்களுக்கேனும் விடுதியில் சேர்க்க முடியுமா என்று மார்கழியிலேயே விடுதிக் காப்பாளரிடம் கேட்பது நல்லது. தை பிறந்த பின் கேட்பதில் பயனில்லை. குடும்பம் அதற்குள் புறப்பட்டிருக்கும்.

எட்டாம் வகுப்பு முடிவதும் ஓர் அபாயமான படி. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே உரியது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேடிச் செல்ல வேண்டும். அந்தப் பள்ளி இரண்டு மேடு தாண்டி இருக்கலாம். காலைப் பேருந்து வேளை தவறி வரலாம். சட்டமும் துணைக்கு இல்லாத அவ்விடத்தில் ஊர்தான் துணை நிற்க வேண்டும். பேருந்தின் நேரத்தை மாற்றக் கோரிப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு தீர்மானம் அனுப்புவதும், பள்ளிப் பாதையில் இரண்டு தெருவிளக்குப் போடுவதும் ஒரு வகுப்பறை கட்டுவதற்கு ஒப்பான தொண்டு. கட்டடத்துக்கு நாடா வெட்டும் விழா உண்டு, தெருவிளக்குக்கு இல்லை என்பதுதான் வேறுபாடு!

இனி, மாணாக்கரின் சாதனைகளைப் பார்ப்போம். அறிக்கையில் ‘தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வு’ என்று ஒரு நீண்ட பெயர் வாசிக்கப்படும். எட்டாம் வகுப்பில் எழுதப்படும் இத்தேர்வில் தேர்ந்தெடுக்கப்படும் மாணாக்கருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய்! தமிழ்நாட்டுக்கென ஆண்டுதோறும் 6,695 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால், அரசே உணவும் உறைவிடமும் தரும் பள்ளிகளின் மாணாக்கர் இத்திட்டத்தின் விதிப்படி இதற்குத் தகுதியுடையவராகார். ஆகவே, நம் மலையில் இது பெரிதும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குரிய வாய்ப்பாகும். எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இத்தேர்வுக்கு விண்ணப்பித்தார்கள் என்பதை அப்பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழு கேட்டறிய வேண்டும். பரிசு பெற்ற பின்னரும் வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்காவிடில் தொகை நின்றுவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ்நாடு ஊரகத் திறனாய்வுத் தேர்வு நடைபெறுகின்றது. கிராமப்புறப் பள்ளி மாணாக்கருக்கென்றே ஏற்பட்ட இத்தேர்வில் வருவாய் மாவட்டம் ஒன்றுக்கு 50 மாணவரும் 50 மாணவியரும் தெரிவு செய்யப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் பெறுகின்றனர். தொகை சிறிது; எனினும் நாமக்கல் மாவட்டம் முழுவதிலும் நூறு பேருக்குள் நம் மலைப் பிள்ளை ஒருவர் வந்தால் அதன் பொருள் பெரிது. பதினோராம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு உண்டு. தேறியவர்க்கு மாதம் 1,500 ரூபாய் இரண்டாண்டுகளுக்கு வழங்கப்படுகின்றது. விளையாட்டில் வென்றோர் தம் சான்றிதழைப் பத்திரப்படுத்த வேண்டும். பிற்காலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

பத்தாம் வகுப்புக்குப் பின் வருவது நாம் மிகவும் கவலை கொள்ளும் இடம். “பத்து முடித்தாயிற்று, இனி என்ன?” என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உளர். பெண் பிள்ளையாயின் மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகும் பேச்சும் அப்பொழுதே தொடங்கிவிடுகிறது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கு மணம் முடிப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1098 என்ற தொலைபேசி எண்ணுக்கு யாரும் தகவல் தரலாம். ஆனால், சட்டத்தைச் சொல்லி அச்சுறுத்துவதைவிட, அப்பெண்ணுக்கு உரியது எதுவெனக் கணக்கிட்டுக் காட்டுவது பெற்றோரிடம் அதிகம் எடுபடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கு ஏழரை விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2020-இல் வந்தது. மறு ஆண்டே அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலிய படிப்புகளுக்கும் விரிவடைந்தது. இடையில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்த்து மாற்றட்டும். நாமக்கல் சமவெளியில் பெரிய பெரிய விடுதிப் பள்ளிகள் கண்ணைக் கவர்வது இயல்பே.

கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்பதுமில்லை. மலையிலேயே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கின்றது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், இராசிபுரத்தில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. எங்குச் சேர்வதானாலும் சாதிச் சான்று வேண்டும். பழங்குடியினருக்கு இச்சான்றை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர் என்பதை அறியாமல், கடைசி வாரத்தில் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்போரை ஆண்டுதோறும் காண்கிறோம். விசாரணைக்கு நாளாகும். ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிட வேண்டும். குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிக்கச் செல்பவராயின் முதல் பட்டதாரிச் சான்றும், வருமானச் சான்றும் உடன் இருத்தல் நலம்.

காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பிமார் மூவரின் வழி வந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மலையாளி மக்கள் நம் மலையில் மட்டுமல்லாமல் பச்சைமலை, கல்வராயன் மலை ஆகியவற்றிலும் வாழ்கின்றனர். 2024-இல் பச்சைமலைப் பகுதியின் கூலித் தொழிலாளர் குடும்பத்துப் பெண் ஒருவர், அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்துத் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 2025-இல் கல்வராயன் மலைக் கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளியின் மாணவி ஒருவர், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் பழங்குடியினர் பிரிவில் 417-ஆம் இடம் பெற்றார். இவ்விரு பள்ளிகளும் நம் பள்ளிகளைப் போன்றவையே. அதே துறை, அதே பாடநூல், அதே விடுதிச் சோறு. இவ்விருவரும் பத்தாம் வகுப்போடு நின்றிருந்தால் எந்த ஆண்டறிக்கையும் அவர்களை இழந்ததாகக் குறித்திராது.

மே முதல் நாள் கிராம சபை கூடும் நாள். பள்ளிகள் மூடி ஓரிரு வாரமே ஆகியிருக்கும். பொதுத் தேர்வு முடிவுகள் வந்திரா. 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே 8-ஆம் நாளும், பத்தாம் வகுப்பு முடிவு மே 16-ஆம் நாளும் வெளியாயின. ஆகவே, மே முதல் நாள் சபையில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கில்லை, ஆளைக் கேட்கலாம். ஆண்டு தொடக்கத்தில் எத்தனை பேர், இறுதியில் எத்தனை பேர், உதவித்தொகைத் தேர்வுகளுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தனர் என்னும் மூன்று எண்களைப் பள்ளி மேலாண்மைக் குழு எழுதி வந்து படித்தால் போதும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் பொறுப்பிலிருந்தாலும் தனி அலுவலர் பொறுப்பிலிருந்தாலும், கிராம சபை ஊர் மக்களுடையதே; கேள்வி கேட்கும் உரிமை வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உண்டு.

தேர்வு முடிவு வந்த பின் காத்திருக்கக் கூடாது. அடுத்த கிராம சபை ஆகஸ்டு 15-இல்தான். தவறியவர்களுக்கான துணைத் தேர்வு ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ முடிந்துவிடும். அதற்கு விண்ணப்பிக்கும் காலமோ முடிவு வந்த சில நாட்களே. ஒரு பாடத்தில் 35 மதிப்பெண்ணுக்கு இரண்டு மூன்று குறைந்து, வெட்கப்பட்டு வீட்டில் ஒளிந்திருக்கும் பிள்ளையை வார்டு உறுப்பினரோ, மகளிர் குழுத் தலைவியோ அந்த வாரத்திலேயே சென்று பார்த்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றால், அவ்வாண்டிலேயே பதினோராம் வகுப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்துவிடலாம். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம் பதினோராம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் நம் ஊர்ப் பெயர்கள் எத்தனை என்று பாருங்கள். மே மாதத்துத் தேர்ச்சிப் பட்டியலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அதில் இருந்து இதில் இல்லாத பெயருக்குரிய வீடு எது என்பதைப் பள்ளியைவிட ஊராட்சி உறுப்பினரே நன்கறிவார்.