14 கேள்விகளும் ஒரு டீக்கடை நோட்டும்

சென்ற ஆண்டு எங்கள் ஒன்றியத்தில் ஆசிரியர்களுக்கான மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. இரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு பக்கப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். வாரத்தில் எத்தனை நாள் பழம், எத்தனை நாள் கீரை, நாளுக்கு எத்தனை வேளை சோறு, எண்ணெயில் பொரித்த பண்டம் உண்டா, சாப்பிடும்போது மேலே உப்புத் தூவிக்கொள்வீர்களா என்று பத்துக் கேள்விகள். ஐந்து நிமிடத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து, 'நல்ல உணவுப் பழக்கம்' என்ற வரிசையில் என்னைச் சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து வந்த இரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு படிவம் தவறு என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை ஏறுவதற்கு உணவு ஒன்றுதான் காரணம் என்பதில்லை. என் தந்தைக்கும் இருந்தது. ஆனால் வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டார்: "சோறு ஒரு வேளைன்னு எழுதினீங்க, சரி. எத்தனை கரண்டின்னு கேட்டாங்களா?" கேட்கவில்லை. ஒரு கரண்டி சாப்பிடுகிறவருக்கும் ஐந்து கரண்டி சாப்பிடுகிறவருக்கும் அந்தப் படிவத்தில் ஒரே மதிப்பெண்தான்.

நான் கணக்கு ஆசிரியர். மாணவர்களுக்குத் தேர்வு வைப்பது நம் அன்றாட வேலை. ஆனால், தேர்வுக்கே தேர்வு வைப்பது எப்படி? பத்துக் கேள்வியில் ஒருவருடைய உணவுப் பழக்கத்தை அளந்துவிட்டேன் என்று ஒரு படிவம் சொன்னால், அது அளந்ததா இல்லையா என்று யார், எதைக் கொண்டு சரிபார்க்கிறார்கள்? இதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன். படிக்கப் படிக்க, நம் வினாத்தாள்களைப் பற்றியே படிப்பதுபோல் இருந்தது.

நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற இரண்டு சொற்களைப் பி.எட். படித்த காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்போம். ஒரு தராசு எப்போது நிறுத்தாலும் 1 கிலோ கூட்டியே காட்டினால் அதற்கு நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. உணவுப் படிவத்திலும் முதல் சோதனை எளிது: ஒரு மாதம் கழித்து அதே ஆளிடம் அதே படிவத்தைக் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்க்கலாம். பெரும்பாலும் வரும். மனிதர்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் ஒரு மாதத்தில் மாறிவிடுவதில்லை. இரண்டாவது சோதனைதான் கடினம். உண்மையில் சாப்பிட்டது என்ன என்பதோடு ஒப்பிட வேண்டும். அந்த உண்மையை எங்கே போய்ப் பிடிப்பது?

ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஸ்பெயின் நாட்டில் இருக்கிறது. அங்கே 2003இல் 'பிரெடிமெட்' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. ஆலிவ் எண்ணெய், காய்கறி, பருப்பு, மீன் நிறைந்த மத்திய தரைக்கடல் பகுதி உணவு இதய நோயைத் தடுக்கிறதா என்பதே கேள்வி. சேர்ந்தவர்கள் 55 முதல் 80 வயது வரையிலான ஆண்களும் 60 முதல் 80 வயது வரையிலான பெண்களும். அவர்கள் அந்த உணவுமுறையைப் பின்பற்றுகிறார்களா என்று உடனுக்குடன் பார்த்து ஆலோசனை சொல்ல, 14 கேள்விகள் மட்டுமே கொண்ட ஒரு குறும்படிவம் உருவாக்கினார்கள். சமையலுக்கு முதன்மையாக ஆலிவ் எண்ணெய்தானா, நாளுக்கு எத்தனை பழம், வாரத்துக்கு எத்தனை முறை மீன் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 1 அல்லது 0. மொத்தம் 14.

இந்தப் படிவம் சரியா என்று பார்க்க, 7,146 பேரிடம் இதையும் 137 உணவுகளின் பட்டியல் கொண்ட நீண்ட வினாப்பட்டியலையும் கொடுத்தார்கள். நீண்ட பட்டியலிலிருந்தும் அதே 14 புள்ளிக் கணக்கைப் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டு 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒட்டுறவுக் கெழு 0.52. இத்துறையில் இது ஏற்கத்தக்க எண்தான். சராசரியைப் பார்த்தால் குறும்படிவம் நீண்ட பட்டியலைவிட 5 விழுக்காடு மட்டுமே கூடக் காட்டியது. இத்தோடு நிறுத்தியிருந்தால் நாமும் கை தட்டிவிட்டுப் போயிருப்போம்.

அவர்கள் நிறுத்தவில்லை. 1986இல் 'லான்செட்' மருத்துவ இதழில் மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்னதை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம். ஒரே கட்டு விடைத்தாள்களை இரண்டு ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். இரண்டாமவர் எல்லாத் தாளிலும் சரியாக 10 மதிப்பெண் குறைத்துப் போடுகிறார். ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால் 1 வரும், முழுமையான ஒட்டுறவு. ஆனால் முதலாமவரிடம் 42 வாங்கித் தேர்ச்சி பெற்ற பிள்ளை, இரண்டாமவரிடம் 32 வாங்கித் தோற்றுப் போகிறது. ஆகவே ஒட்டுறவு வேறு, ஒப்புமை வேறு. ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு அளவுகளுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு, அந்த வேறுபாடு எந்த எல்லைக்குள் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள் அவ்விருவரும்.

ஸ்பெயின் படிவத்தில் அந்த எல்லை 57 விழுக்காட்டிலிருந்து 153 விழுக்காடு வரை. நீண்ட பட்டியல் ஒருவருக்கு 8 புள்ளி கொடுத்தால், குறும்படிவம் அவருக்கு நாலரையும் கொடுக்கலாம், பன்னிரண்டும் கொடுக்கலாம். ஆயிரம் பேரின் சராசரிக்கு இது போதும். 'உங்கள் உணவுப் பழக்கம் நன்று' என்று ஒரு தனி ஆளிடம் சொல்ல இது போதுமா? போதாது என்பது என் கருத்து. முகாமில் எனக்குச் சொன்னதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது எனக்குப் பிடிபட்டது எங்கள் ஆசிரியர் ஓய்வறையில்.

பள்ளிக்கு எதிரில் உள்ள டீக்கடையிலிருந்து எங்களுக்கு டீ வரும். மாதக் கணக்கு. கடைக்காரர் ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே கோடு போட்டு வைப்பார். 'பள்ளியில் நாளுக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள்?' என்று சக ஆசிரியர்களிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கினேன். நானும் 2 என்று எழுதிப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து, பொதுவாக எத்தனை, நேற்று எத்தனை, அதற்கு முந்தின நாள் எத்தனை என்று கேட்டேன். விடைகள் முன்பு எழுதியதோடு நன்றாகவே பொருந்தின. பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த மாதம் 22 வேலை நாளில் என் பெயருக்கு நேரே 63 கோடுகள். நாளுக்கு ஏறக்குறைய 3. அநேகமாக எல்லாருமே குறைத்துத்தான் எழுதியிருந்தோம். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒரு நண்பர்தான் மிகவும் குறைத்து எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. எவ்வளவு குடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ அதை எழுதியிருந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, முதல் இரண்டு அளவுகளும் பொருந்திப்போனதைத்தான். இரண்டும் ஒரே நினைவிலிருந்து, ஒரே கூச்சத்திலிருந்து வந்தவை. ஒரே பிழையைச் சுமந்திருந்ததால் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின. டீக்கடை நோட்டிலும் பிழை இருக்கலாம். அவசரத்தில் கோடு போட மறந்திருப்பார். ஆனால் அவருடைய மறதிக்கும் எங்கள் கூச்சத்துக்கும் தொடர்பு இல்லை. குறும்படிவத்தை நீண்ட படிவத்தோடு ஒப்பிடுவது, பக்கத்து இருக்கைப் பையனைப் பார்த்து எழுதிய விடையை அந்தப் பையனின் விடையோடு ஒப்பிட்டுச் சரி என்று சொல்வது போலத்தான்.

உணவுக்கு அப்படியொரு டீக்கடை நோட்டு உண்டா? உண்டு, நம் உடம்பே வைத்திருக்கிறது. அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஒன்று, நைட்ரஜன். நாம் உண்ணும் புரதத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ 80 விழுக்காடு சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. 24 மணி நேரச் சிறுநீரையும் சேகரித்து அளந்தால், ஆள் எவ்வளவு புரதம் சாப்பிட்டார் என்று கணக்கிடலாம். ஒரு வேளைச் சிறுநீரைச் சேகரிக்காமல் விட்டுவிட்டால்? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். பாரா அமினோ பென்சாயிக் அமிலம் கொண்ட மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். அது கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரில் வந்துவிடும். வந்த அளவு குறைவாக இருந்தால் சேகரிப்பு முழுமையில்லை என்று பொருள். தேர்வறையில் கண்காணிப்பாளரைப் போட்டது போல.

இன்னொன்று, இரட்டைக் குறியிட்ட நீர். இதில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்ரியமும், சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் ஆக்சிஜன்-18உம் கலந்திருக்கும். கதிரியக்கம் இல்லாதவை. குடித்தபின் டியூட்ரியம் உடலை விட்டு நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் போகும், மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். ஆகவே ஆக்சிஜன் கொஞ்சம் வேகமாகக் குறையும். அந்த வேக வேறுபாட்டிலிருந்து எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு உருவானது, அதிலிருந்து உடல் எத்தனை கலோரி எரித்தது என்று கண்டுபிடிக்கலாம். எடை மாறாமல் இருக்கும் ஒருவர் எரித்ததும் உண்டதும் ஏறக்குறைய ஒன்றுதானே.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இந்த இரண்டையும் வைத்து 1999-2000இல் 484 பேரிடம் ஒரு சோதனை செய்தது. 'ஓப்பன்' ஆய்வு என்று பெயர். வயது 40 முதல் 69. முடிவுகள் 2003இல் வந்தன. முந்தின நாள் உண்டதை ஒருவர் உட்கார்ந்து விசாரித்து எழுதும் 24 மணி நேர நினைவுகூரலில், ஆண்கள் தாங்கள் உண்ட கலோரியை 12 முதல் 14 விழுக்காடும், பெண்கள் 16 முதல் 20 விழுக்காடும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். நீண்ட வினாப்பட்டியலிலோ ஆண்கள் 31 முதல் 36 விழுக்காடு, பெண்கள் 34 முதல் 38 விழுக்காடு. அதாவது, மூன்றில் ஒரு பங்கு உணவு கணக்கிலேயே வரவில்லை. குறும்படிவங்களைச் சரிபார்க்க அளவுகோலாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த நீண்ட பட்டியலைத்தான்!

இதெல்லாம் ஆய்வாளர்களின் கவலை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2003இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் சுமார் 13,000 பெண்களிடம் கிடைத்த தகவலை வைத்து ஒரு கட்டுரை வந்தது. கொழுப்பு உணவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. அன்றன்று உண்டதை எழுதி வைத்த உணவு நாட்குறிப்பைக் கொண்டு பார்த்தால் தொடர்பு தெரிந்தது. அதே பெண்கள் நிரப்பிய வினாப்பட்டியலைக் கொண்டு பார்த்தால் தெரியவில்லை. பிறகு நாட்குறிப்புகளை வைத்தே செய்த வேறோர் ஆய்விலும் தொடர்பு கிடைக்கவில்லை, ஆகவே அந்த வாதம் முடிந்தபாடில்லை. ஆனால் ஒரே பெண்கள், ஒரே நோய், அளக்கும் கருவி மட்டும் வேறு. விடை வேறாக வந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நம் தட்டுக்கு வருவோம். ஸ்பெயின் படிவத்தை அப்படியே தமிழாக்கினால் ஆலிவ் எண்ணெய்க் கேள்வியிலேயே நாமெல்லாம் தோற்றுவிடுவோம். 'மேலே உப்புத் தூவுவீர்களா?' என்ற முகாம் கேள்வியும் அந்த வகைதான். நம் வீட்டு உப்பு குழம்பிலும் ரசத்திலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் முன்பே கலந்துவிடுகிறது. நான் நேர்மையாக 'இல்லை' என்று டிக் அடித்து ஒரு மதிப்பெண் வாங்கினேன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டினேனா என்று அந்தக் கேள்வியால் சொல்லவே முடியாது. 24 மணி நேரச் சிறுநீரில் சோடியத்தை அளந்தால்தான் தெரியும். உண்ட சோடியத்தில் 90 விழுக்காடு அளவுக்கு அங்கேதான் போகிறது.

சென்னையில் இதை உணர்ந்து செய்திருக்கிறார்கள். நகர்ப்புற, ஊரக மக்களிடம் நீரிழிவு பற்றி நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வுக்காக, நம் ஊர் உணவுகள் 200க்கும் மேல் அடங்கிய வினாப்பட்டியலைத் தயாரித்து, அதைப் பலமுறை எடுத்த 24 மணி நேர நினைவுகூரலோடு ஒப்பிட்டு 2006இல் வெளியிட்டார்கள். அளவுகோல் நினைவுதான் என்ற குறை அதிலும் உண்டு. ஆனாலும் இட்லியும் சாம்பாரும் தெரிந்த படிவம் அது.

குறும்படிவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாரிடமும் 24 மணி நேரச் சிறுநீர் கேட்க முடியாது. ஓர் ஊரில் பழம் உண்பது கூடியிருக்கிறதா, இரண்டு குழுக்களில் எது பரவாயில்லை என்று பார்க்க அது உதவும். அடுத்த முறை யாராவது ஒரு பக்கப் படிவத்தை நீட்டினால், இதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். சென்ற முகாமில் நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

புள்ளியியல் பாடம் நடத்தும் நண்பர்கள் வகுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். சமையலுக்கு நாளுக்கு எத்தனை கரண்டி எண்ணெய் ஆகிறது என்று வீட்டில் சமைப்பவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மாதம் எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்குகிறார்கள் என்பதைத் தனியாகக் குறித்து வரச் சொல்லுங்கள். இரண்டையும் மில்லிலிட்டருக்கு மாற்றி, வேறுபாட்டை வரைபடத்தில் புள்ளியிட்டால் போதும். பிளாண்ட்-ஆல்ட்மேன் படம் கரும்பலகையிலேயே வந்துவிடும். சீட்டில் பெயர் மட்டும் வேண்டாம். எந்த வீட்டில் மாதம் எவ்வளவு எண்ணெய் வாங்குகிறார்கள் என்பது வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடிய செய்தி அல்ல.